மனு கொடுக்கப் போன தெரு

"ஒரு தெருவுக்கு வேண்டியது மூணே மூணுதான், ஒண்ணு தண்ணி, ரெண்டாவது வெளிச்சம்" என்று ஞானதுரை மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாவதாக என்ன சொன்னார் என்பதுதான் நினைவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. மாமா கரிசலூத்து ஊராட்சியின் தலைவர். ஓடைக்கரைத் தெருவின் முதல் குழாயைத் திறந்துவைக்க வந்திருந்தார்; திருகியதும் குழாயிலிருந்து முதலில் காற்று வந்தது, காற்றுக்குப் பின்னால் ஒரு தவளை வந்தது, தவளைக்குப் பின்னால் துருவேறிய சிவப்புத் தண்ணீரும் அதற்குப் பின்னால் நல்ல தண்ணீரும் வந்தன, பெண்கள் குலவையிட்டார்கள், ஆளுக்கு இரண்டு என்று நீட்டிய மிட்டாய்த் தட்டில் நான் நான்கு எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தெரு, போன வருஷம் புரட்டாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை விடியற்காலையில், கிளம்பி முனிசிபல் ஆபீசுக்குப் போனது.

பெரிய தெரு இல்லை. கிழக்கே பத்து வீடு, மேற்கே ஒன்பது வீடு, நடுவில் மாமா காலத்தில் போட்ட சிமெண்டுப் பாதை, ஒரு முனையில் வாகை மரம், மறுமுனையில் அடிபம்பு, நட்டநடுவில் தவளை வந்த அதே குழாய். இவ்வளவும், உள்ளே படுத்திருந்தவர்களோடும் வாசலில் கட்டிக்கிடந்த ஆடுகளோடும் கொடியில் எடுக்காமல் விட்ட துணிகளோடும், பால்காரர் கோயில்பிச்சை வந்து மணியடிப்பதற்கு முன்பே போய்விட்டிருந்தன. பல் துலக்கிக்கொண்டே என் வீட்டின் தெற்கு ஜன்னலைத் திறந்தேன். கட்டிலை நகர்த்தினால் அடியில் தெரியும் தரையைப் போல, நீளமாக, ஈரமாக, செம்மண் கிடந்தது. அதன் ஓரத்தில் கோயில்பிச்சை சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"தெரு எங்க போச்சு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"முனிசிபாலிட்டிக்குப் போயிருக்காம். வழியில பார்த்தவன் சொல்லுதான்."

"எதுக்கு?"

"எதுக்குப் போவா? மனு குடுக்கத்தான். பத்து மணிக்கு முன்னால அங்க ஒருத்தனும் வரமாட்டானே, இவ்வளவு சீக்கிரமா எதுக்குப் போச்சுன்னுதான் யோசிக்கேன்." பால் கேனைச் சரிசெய்துகொண்டு, இன்னும் இரண்டு கிலோமீட்டர் மிதிக்க வேண்டுமே என்ற சலிப்போடு, சைக்கிளைத் திருப்பினார்.

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்வதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். என் பெயர் அருமைநாயகம். இருபத்தொரு வருஷம் கடல்கடந்த ஒரு குளிர்நாட்டில், அவர்கள் கவுண்டி என்று அழைக்கும், நம் மாவட்டத்தைவிடச் சின்னதும் தாலுகாவைவிடப் பெரியதுமான ஓர் அமைப்பின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். குப்பைக்கு எந்த அலுவலகம், குடிநீருக்கு எந்த அலுவலகம், தெருவிளக்கு அணைந்தால் யாரைக் கூப்பிடுவது, நகரம் எதுவரை, கவுண்டி எங்கிருந்து என்றெல்லாம் குடிமக்களுக்கு விளக்கும் துண்டறிக்கைகளை எழுதுவதும், வந்துசேர்ந்த நம் ஆட்களுக்காக அவற்றைத் தமிழில் மாற்றுவதும் என் வேலை. எந்தக் கதவைத் தட்டினாலும் சரியான கதவுக்கு அனுப்பிவைக்கப்படுவீர்கள் என்று ஒரு வாக்கியம் அதில் வரும். இரண்டு மொழியிலும் நான் எழுதியதுதான். அந்த வாக்கியத்தில் எனக்குப் பெருமை உண்டு. பிறகு திரும்பி வந்து, மாமாவின் நிலத்தில், ஓடைக்கரைத் தெருவுக்கு வடக்கே ஒரு வீடு கட்டினேன்.

வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே மழைத்தண்ணீர் ஓடுவதற்கு ஒரு வாய்க்கால் இருந்தது. பத்தடி அகலம், புறம்போக்கு. யாரும் தூர்வாராத வாய்க்கால். சுற்றுச்சுவர் கட்டும்போது கொத்தனார், "இதையும் உள்ள சேர்த்துப் பிடிச்சிரலாமா சார், சும்மாதான கிடக்கு" என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பத்தடியில் இப்போது செம்பருத்தியும் இரண்டு நெல்லிக்கன்றும் நிற்கின்றன.

கரிசலூத்து ஊராட்சியைக் கலைத்து, பக்கத்திலிருக்கும் செவ்வாற்றூர் நகராட்சியோடு சேர்க்கப்போவதாக அறிவிப்பு வந்தது. நகராட்சி வந்தால் ஓடைக்கரைத் தெருவுக்கு மழைநீர் வடிகால் வரும், வடிகால் வந்தால் சர்வேயர் வருவார், சர்வேயர் வந்தால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு என் செம்பருத்திக்கு நடுவில் வந்து நிற்பார். ஆட்சேபனை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று போட்டிருந்தது. இருபத்தெட்டாம் நாள் நான் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம், ஐந்து சட்டப்பிரிவு. ஓடைக்கரைத் தெருவுக்கும் நகரத்துக்கும் நிலத்தொடர்ச்சி கிடையாது என்று அதில் ஒரு வரி. அது பொய். நடந்தால் ஏழு நிமிஷத்தில் நகரத்தின் முதல் கடை வந்துவிடும். ஆனாலும் வந்த ஆட்சேபனை அது ஒன்றுதான், அதுவும் அப்படிப்பட்ட ஆங்கிலத்தில், அதை மறுத்து எழுத யாருக்கும் கை வரவில்லை. ஊராட்சி முழுவதையும் நகராட்சி எடுத்துக்கொண்டது, அந்த ஒரு தெருவை மட்டும் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. இறுதி அறிவிக்கை வரும்வரை என்றார்கள். அந்தப் பொய்தான் மெதுவாக உள்ளிறங்கி, வேரறுத்து, தெருவை மண்ணிலிருந்து பிரித்துவிட்டதா என்பது எனக்குத் தெரியாது. யாரும் அதை ஆராயவில்லை. வெறும் செம்மண்ணைப் பார்த்தபோது என் மனதில் முதலில் வந்தது நிம்மதி என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நகராட்சி அலுவலகத்தில் தெரு, குப்பை வண்டிகளுக்கும் ஓட்டமில்லாத தண்ணீர் லாரிக்கும் இடையில், ஆபீஸ் திறக்கும்வரை காத்து நின்றது. வாட்ச்மேன் வந்து கமிஷனர் ஜீப் வரும் நேரம், கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லுங்கள் என்றார். அது ஓரமாக நகர்ந்தது. பத்தேகாலுக்கு எழுத்தர் செல்வின் வந்தார். தெருவின் சார்பில் செங்கமலம் அக்கா முன்னால் போய் நின்றார். இருபத்தாறு வருஷமாக அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர், செல்வின் உட்பட அந்த ஆபீசில் பாதிப்பேர் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

"மனு யாரு பேர்லக்கா?"

"தெரு பேர்லதான்."

"தெரு எப்படிக் கையெழுத்துப் போடும்? நீங்க போடுங்க." மனுவை வாங்கிப் படித்தார். குழாயில் ஏழு மாதமாகத் தண்ணீர் இல்லை, ஊராட்சி மோட்டாருக்குக் கரண்டை வெட்டிவிட்டார்கள், விளக்கு எரியவில்லை, குப்பை எடுக்க ஆளில்லை. "எல்லாம் சரிக்கா. ஆனா இந்தத் தெரு எங்க எல்லைக்குள்ள வரலையே."

"இப்பம் ஒங்க காம்பவுண்டுக்குள்ளதானல நிக்கி?"

"நிக்கலாம். ஆனா எல்லைக்குள்ள இல்ல."

செல்வின் மனுவுக்கு ஒரு நம்பர் மட்டும் போட்டுக் கொடுத்தார். மறுநாள் தெரு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போனது. அங்கே, "கரிசலூத்து ஊராட்சியே இப்பம் கிடையாதே, இல்லாத ஊராட்சியில ஒரு தெரு எப்படித் தாயி இருக்கும்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்கள். அதற்கடுத்த செவ்வாய் தாலுகா அலுவலகம். அங்கே நிலம்தான் எங்கள் பொறுப்பு, தெரு இல்லை என்றார்கள். பதிவேட்டைப் புரட்டி, "ஒங்க இடம் பத்திரமா இருக்கு, நீங்கதான் அதுல இல்ல" என்று ஆறுதலும் சொன்னார்கள். திங்கட்கிழமை அது இருபத்திரண்டு கிலோமீட்டர் நடந்து கலெக்டர் ஆபீசுக்கு, குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனது. வாசலில் போலீஸ். யாராவது மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திக்கொள்ளப் போகிறார்கள் என்று திங்கட்கிழமைதோறும் வருகிறவர்களின் பையையும் தண்ணீர் பாட்டிலையும் முகர்ந்து பார்க்கிற வழக்கம் அங்கே உண்டு. அன்றைக்கு ஏட்டையா பத்தொன்பது வீட்டுக்கும் ஏறி இறங்கி, அடுப்படியில் இருந்த மண்ணெண்ணெய்க் கேன்களையெல்லாம் வாசலில் வரிசையாக வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் டோக்கன் கொடுத்தபிறகே தெருவை உள்ளே விட்டார். கலெக்டரம்மா சின்ன வயது, நல்லமாதிரி. எழுந்து நின்று மனுவை வாங்கினார், வாகை மரத்தை அண்ணாந்து பார்த்து நன்றாக வளர்ந்திருக்கிறது என்றார், 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டார், மனு அதே செவ்வாற்றூர் நகராட்சிக்கு, அதே செல்வினின் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

ஆபீஸ் மூடியதும் தெரு திரும்பி வந்துவிடும். பொழுது சாயும் நேரத்தில், மாடு தொழுவுக்கு வருவதைப்போல, பக்கத்தில் எதையும் இடிக்காமல், தன் செம்மண்ணில் வந்து படுக்கும். பத்துப் பதினைந்து நாளில் ஊருக்குப் பழகிவிட்டது. செவ்வாய் தாலுகா, புதன் முனிசிபல், வியாழன் ஒன்றியம், திங்கள் கலெக்டர் என்று தபால்காரர் தன் பையில் ஒரு அட்டை செருகிக்கொண்டார். மினிபஸ்காரர் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் பழைய ஸ்டாப்பில் நிறுத்தினார். தாலுகா ஆபீஸ் எதிரில் டீக்கடை வைத்திருந்தவர் செவ்வாய்க்கிழமை வடைக்கு இரண்டு படி கூடுதலாக ஊறப்போட்டார். நகராட்சி வளாகத்தில், உள்ளே வரும் தெருக்கள் வாகனம் நிறுத்துமிடத்தை மறைக்கக் கூடாது என்று ஒரு பலகை வைத்தார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "ஓடைக்கரைத் தெரு எங்க இருக்கு?" என்று கேட்க, பூக்காரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இன்னைக்கு என்ன கிழமை?" என்றாள்.

ஆனால் போகிற வழியெல்லாம் தெரு எதையாவது விட்டுவிட்டு வந்தது. முதலில் வாசற்படிகள். பிறகு அடிபம்பு, அது கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே நின்றுவிட்டது, டவாலிகள் அதில் டிபன் பாக்ஸ் கழுவுகிறார்கள். பிறகு வீடுகள். ஐயம்மாளின் வீடு ஒரு புதன்கிழமை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வளையும்போது கழன்று நின்றது. அவள் கூலி வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் தேடிக்கொண்டு வந்தபோது அதன்மேல் சுண்ணாம்பில் ஒரு எண் எழுதி, உள்ளே பஸ் நேரம் குறிக்கிறவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். "இது என் வீடு சார்" என்றாள். "இருக்கலாம்மா, ஆனா பஸ் ஸ்டாண்டுக்குள்ள இருக்கே" என்றார் அவர். ஐயம்மாள் தன் பானைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். கார்த்திகை பிறப்பதற்குள் பத்தொன்பது வீடு பதினான்கு வீடாகிவிட்டது. யாரும் கூச்சல் போடவில்லை. தெரு கொஞ்சம் குட்டையாகிவிட்டது என்று மட்டும் பேசிக்கொண்டார்கள், பிள்ளை இளைத்துவிட்டது என்று பேசுவதைப்போல.

இந்த மாதங்களில் நான் ஒரு நல்ல காரியம் செய்துகொண்டிருந்தேன். என் வீட்டு வெளிக்குழாயைத் தெருக்காரர்களுக்குத் திறந்துவிட்டேன். காலையும் மாலையும் குடங்கள் வரிசையாக நின்றன. செங்கமலம் அக்கா, "மாமா ரத்தம்லா, அதான்" என்று என் காது கேட்கச் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. பத்தடி வாய்க்காலை உள்ளே வைத்துக்கொண்டு அரையங்குலக் குழாயில் தண்ணீர் கொடுக்கிறவன் நான் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை என்றால் அதுவும் பொய். தோன்றியது, தோன்றும்போதெல்லாம் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

ஐப்பசியில் முதல் பதில் வந்தது. செங்கமலம் அக்கா அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கூடவே மருமகள் ஜெபராணி, இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

"வாசிச்சுச் சொல்லு தம்பி. ஒனக்குத்தான் ஆபீஸ் பாஷை தெரியும். பதிலும் நீதான் எழுதித்தரணும்."

அரசாங்கக் கடிதங்களுக்கு ஒரு அமைப்பு உண்டு. மேலே பொருள். அதற்குக் கீழே, எந்தெந்தக் கடிதங்களை வைத்து இந்தப் பதில் எழுதப்பட்டது என்று தேதியோடும் பெயரோடும் அடுக்கியிருப்பார்கள். அதற்குப் பார்வை என்று பெயர். அதற்கும் கீழேதான் விஷயம் தொடங்கும். பார்வையை யாரும் வாசிப்பதில்லை. நான் கடிதத்தைப் பிரித்தேன். பார்வை ஒன்று, செங்கமலம் மற்றும் தெருவாசிகளின் மனு. பார்வை இரண்டு, திரு. தே. அருமைநாயகம் என்பவரின் ஆட்சேபனைக் கடிதம்.

என் பெயர் தட்டச்சில் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதுதான் எனக்கு ஞாபகம். தொண்டையைச் சரிசெய்துகொண்டு பொருளை வாசித்தேன், நேரே விஷயத்துக்குப் போனேன். "ஆட்சேபனை ஒன்று நிலுவையில் உள்ளதால், மேற்படி தெருவைத் தற்சமயம் சேர்க்க இயலாது எனத் தெரிவிக்கப்படுகிறது."

"ஆட்சேபனையா? யாரு போட்டாவ?" என்று கேட்டார் செங்கமலம் அக்கா.

"யாருன்னு இதுல போடலையேக்கா."

ஜெபராணி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அக்கா தலையை ஆட்டினார். நான் அவர்களுக்காக ஒரு மறுப்பு மனு எழுதினேன். நிலத்தொடர்ச்சி இருக்கிறது என்பதற்கு என்னென்ன ஆதாரம் காட்டலாமோ அத்தனையும் காட்டினேன். என் கடிதத்தில் எங்கெங்கே ஓட்டை என்று எனக்கல்லாமல் வேறு யாருக்குத் தெரியும்? எழுதி முடித்தபோது, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாகவே நினைத்தேன். அந்த மனுவோடு தெரு மறுபடியும் நாலு ஆபீசுக்கும் போய்வந்தது, மறுபடியும் இரண்டு வீடுகளை இழந்து வந்தது.

இரண்டாம் பதில் கார்த்திகை முதல் வாரம். அதே இடத்தில் அதே பெயர். அதையும் தாண்டி வாசித்தேன். அக்கா இந்தமுறை என் விரல் தாளில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையின்மேல் என் கட்டைவிரல் இருந்தது. அதை எடுக்காமலேயே அடுத்த மனுவை எழுதிக்கொடுத்தேன்.

மூன்றாம் பதில் ஒரு சனிக்கிழமை வந்தது. அப்போது தெருவில் பன்னிரண்டு வீடுகள், பன்னிரண்டாவது, கடைசியாக நிற்பது, செங்கமலம் அக்காவின் வீடு. தெரு எப்போதும் கடைசியிலிருந்துதான் கழன்றது. அடுத்த பயணத்தில் எது கழலும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்காவின் மகன் கோயம்புத்தூரில் பனியன் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறான், மாதத்துக்கு ஒருமுறைதான் வருவான். குழந்தைக்கு ஒரு வாரமாக வயிற்றுப்போக்கு, கொதிக்கவைத்த தண்ணீர்தான் கொடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஏறி இறங்குகிற தெருவில் அடுப்பு நிலைகொள்வதில்லை. ஜெபராணி என் வெளிக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு, அதைத் திறக்காமல், எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாசி தம்பி" என்றார் அக்கா.

பொருளை வாசித்தேன். பிறகு கீழே குதித்தேன். "ஆட்சேபனைதாரர் வரும் திங்களன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் நேரில் ஆஜராகித் தமது ஆட்சேபனையைத் திரும்பப் பெறும்பட்சத்தில் மேற்படி தெருவைச் சேர்ப்பது பரிசீலிக்கப்படும். தவறினால் இறுதி அறிவிக்கை வெளியிடப்பட்டு, அடுத்த எல்லை மறுவரையறை வரை மாற்றம் செய்ய இயலாது."

"அடுத்ததுன்னா எப்பம்?"

"பத்து வருஷம் ஆகும்க்கா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பள்ளிக்கூடத்தில் தட்டில் சோற்றை வைத்துவிட்டுக் குழம்பு வேண்டுமா என்று கேட்கிற அதே சாதாரணக் குரலில் கேட்டார்: "நடுவுல ஒரு ரெண்டு வரி இருக்கே. அத நீ வாசிக்கவே மாட்டேங்கியே. மூணு தடவையும்."

"அது... சும்மா நம்பர்க்கா. ஆபீஸ் நம்பர்."

"ஜெபராணி பி.காம். படிச்ச பிள்ள, தெரியும்லா?"

எனக்குத் தெரியும். அவள் கல்யாணப் பத்திரிகையில் பட்டத்தோடு போட்டிருந்தார்கள். அது எனக்கு இந்த மூன்று மாதமும் ஞாபகம் வராமல் போயிருந்தது.

"மொதத் தாள் வந்த அன்னைக்கே அவ வாசிச்சிட்டா" என்றார் அக்கா. "வாசிச்சிட்டு, அத்தை, இது நம்ம தண்ணி குடுக்கிற சார்லான்னா. நான் அவள வைஞ்சேன். வேற அருமைநாயகமா இருக்கும், ஊருல ஒரு அருமைநாயகமா இருக்கான்னு வைஞ்சேன். சரி, அவரு வாயாலயே வாசிக்கட்டும்னுதான் ஒங்கிட்ட எடுத்துட்டு வந்தது. மொத தடவ, கண்ணுல படலன்னு நெனச்சேன். ரெண்டாவது தடவ, வெக்கப்படுதான், மூணாவது தடவைக்கு வாசிச்சிருவான்னு நெனச்சேன்."

"தெருவுல எல்லாருக்கும் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும். அப்புறமும் தெனம் சாயங்காலம் ஒன் வீட்டுப் பக்கத்துலதான வந்து படுக்கு?"

குழாயடியிலிருந்து ஜெபராணி, "அத்தை, போதும் வாங்க. இவிய குழாய்ல நான் இனிமே குடம் வைக்கல" என்றாள்.

"வைப்ப. பிள்ளைக்குத் தண்ணி வேணும்லா. வை." அவள் நகரவில்லை. அக்கா என்பக்கம் திரும்பினார். "அவ சின்னவ. நீ ஒண்ணும் நெனச்சுக்கிடாத."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குப் பேச வந்திருக்கும். பத்தடி வாய்க்காலைப்பற்றி, கொத்தனார் கேட்டதைப்பற்றி, எல்லோரும் செய்கிறார்கள் என்பதைப்பற்றி என்னிடம் இரண்டு மொழியிலும் வாக்கியங்கள் தயாராக இருந்தன. அவர் திட்டவில்லை. என் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் கண் என் செம்பருத்திச் செடிகளின்மேல் போய்த் தங்கி, திரும்பியது.

"அக்கா" என்றேன். வேறு ஏதாவது கேட்க வேண்டும்போல இருந்தது. "நம்ம தெருவுல குழாய் திறந்தப்பம் மாமா பேசினாரே, ஒரு தெருவுக்கு வேண்டியது மூணுன்னு. தண்ணி, வெளிச்சம். மூணாவது என்ன சொன்னார்? ஞாபகம் இருக்கா?"

அவர் நின்றார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"எங்க கேக்க விட்டாவ? ரெண்டாவத சொல்லும்போதே கைதட்ட ஆரம்பிச்சிட்டாவ. நாங்க பொம்பளைய குலவ போட்டோம். அவரு வாயி அசஞ்சது, அவ்வளவுதான் தெரியும்." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "திங்கக்கிழம அஞ்சு மணிக்குத் தெரு கெளம்பும். தூரம்லா."

அவர்கள் போனார்கள். வெறுங்குடம் குழாயடியிலேயே இருந்தது. நான் அதை நிரப்பினேன், தூக்கிக்கொண்டு தெருவின் முனைவரை போனேன், பன்னிரண்டாவது வீட்டின் வாசலில், படி இல்லாததால் வெறும் மண்ணில், வைத்தேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே குழந்தை அழுதது. யாரும் வெளியே வரவில்லை. ஆட்டுக்கு வாகைத்தழை ஒடித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "சாப்ட்டியளா சார்?" என்று கேட்டார். எல்லாம் தெரிந்த ஒருவர் அப்படிக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டிருக்கவில்லை. எனக்கு வாய் திறந்தால் முதலில் வருவது இப்போதும் பொய்தான் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போகவில்லை. மேஜையில் உட்கார்ந்து தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் வந்தது தமிழில் ஆறு வரிதான் வந்தது. ஓடைக்கரைத் தெருவுக்கும் நகரத்துக்கும் நிலத்தொடர்ச்சி உண்டு. அது எனக்கு அப்போதே தெரியும். வாய்க்கால் புறம்போக்கில் பத்தடி என் சுவருக்குள் இருக்கிறது. மேலே பொருள் எழுதினேன். அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, கடைசியில் வந்து அதை நிரப்பினேன். பார்வை ஒன்று, தே. அருமைநாயகம் ஆகிய என்னுடைய கடிதம், என்று தேதியோடு.

மத்தியானம் கொத்தனாருக்குப் போன் செய்து, தெற்குச் சுவரை இடிக்க ஆள் அனுப்பச் சொன்னேன். திங்கட்கிழமை ஐந்து மணிக்குத் தெருவோடு போய், பன்னிரண்டாவது வீட்டுக்குப் பின்னால் நடந்து, வரிசையில் நின்று, அந்தத் தாளை எல்லோர் முன்னாலும் பார்வையிலிருந்து வாசிப்பது என்று முடிவு செய்தேன்.